நீதிச் சீட்டில் மண்டியிட்டிருந்த கறுப்பு அனுபிஸ்: என் அனுபவம்

டாரட்டில் (மனசில் ஒரு கேள்வியை நினைத்து உருவிப் பார்க்கும் படச்சீட்டு) எகிப்தியப் படம் வந்து பயந்துபோனவர்கள் இங்கே எழுதியதைப் படித்தேன். என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. கடைசி வாரம் முழுக்க “என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “இன்னும் ரெண்டு நாள்தாம்மா” என்று சொல்லிச் சொல்லியே ஆஸ்பத்திரியில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வராமலே போய்விட்டார். ஒரு ராத்திரி தூக்கம் பிடிக்காமல், தோழி கொடுத்திருந்த டாரட் கட்டை எடுத்தேன். எல்லாச் சீட்டிலும் எகிப்தியப் படங்கள். “நான் செய்தது சரியா?” என்று கேட்டு ஒன்றை உருவினேன். ‘நீதி’ என்ற சீட்டு வந்தது.

நடுவில் பெரிய தராசு. ஒரு தட்டில் குட்டிக் குடுவை மாதிரி ஏதோ ஒன்று, மறுதட்டில் ஓர் இறகு. தராசடியில் நரித்தலையோடு கன்னங்கரேலென்று ஒருவன் மண்டியிட்டிருந்தான். ஓரத்தில் முதலை வாயும் சிங்க உடம்பும் நீர்யானைப் பின்புறமுமாக ஒரு மிருகம். எமனும் அவன் வளர்க்கும் நாயும் என்றுதான் எனக்குப் பட்டது. தோழியிடம் காட்டினால், “கெட்ட சேதிடி, தீர்ப்பு வரப்போகுது” என்றாள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம்தான் இந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆனி என்ற எகிப்திய எழுத்தரின் பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள் இருக்கிறது. கி.மு. 1250 வாக்கில் எழுதியது. 1888இல் வாலிஸ் பட்ஜ் என்ற எகிப்திய ஆய்வாளர் மியூசியத்துக்காக வாங்கினார். என் சீட்டில் இருந்தது அப்படியே அந்தச் சுருளின் காட்சி. குடுவை என்று நான் நினைத்தது ஆனியின் இதயம். எகிப்தியர் இதயத்தை அப்படித்தான் வரைவார்கள். நினைவும் அறிவும் இதயத்தில்தான் என்று நம்பியவர்கள் அவர்கள். அதனால் உடலைப் பதப்படுத்தும்போது மூளையை எடுத்து எறிந்துவிட்டு இதயத்தை உள்ளேயே விட்டுவைத்தார்கள். இறகு மாஅத்துடையது. உண்மை, நீதி, ஒழுங்கு எல்லாம் சேர்ந்த தெய்வம் அவள். இறந்தவர் உண்மையாக வாழ்ந்தாரா என்று பார்க்க அவர் இதயத்தை அந்த இறகோடு நிறுக்கிறார்கள்.

அந்த நரித்தலைக்காரன்தான் அனுபிஸ், இறந்தவர்களைக் காக்கும் தெய்வம். என்னை உலுக்கியது அவன் கைதான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தொங்கவிடுவாரே, அந்த மாதிரி ஒரு தூக்குக்குண்டு தராசுத் தண்டிலிருந்து தொங்குகிறது. நம் ஊர்த் தராசில் முள் செய்கிற வேலையை அது செய்கிறது. அனுபிஸ் அதைப் பிடித்துச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறான். நிறுவையில் பிசகு வந்துவிடக் கூடாதே என்று மண்டி போட்டுப் பார்ப்பவனைப் போய் எமன் என்று நினைத்துவிட்டேன்! அந்தக் கறுப்பும் துக்க நிறம் இல்லை. நைல் வெள்ளம் கொண்டுவந்து போடும் வண்டலின் நிறம், மறுபடி முளைப்பதன் நிறம். தங்கள் நாட்டையே ‘கெமெட்’, கறுப்பு நிலம், என்றுதான் அழைத்தார்கள். அவர்களுக்குப் பயம் தந்தது பாலைவனத்துச் சிவப்பு.

அம்மித் என்ற அந்த மிருகம் பொய் இதயத்தைத் தின்னக் காத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் சுருளில் அதற்குத் தீனி கிடைப்பதில்லை. அரிவாள்மூக்கன் பறவைத்தலை கொண்ட தோத் என்ற தெய்வம் கணக்கெழுதுகிறார் (நம் சித்திரகுப்தன் ஞாபகம் வராமல் இருக்காது), அடுத்த காட்சியில் பருந்துத்தலை ஹோரஸ் தெய்வம் ஆனியை இறந்தோர் உலகின் அரசரான ஒசிரிஸிடம் அழைத்துப்போகிறார்.

அந்தச் சுருளில் இருப்பது ‘இறந்தோர் நூல்’, மறுமைக்கான மந்திரத் தொகுப்பு. அதன் 125ஆம் அத்தியாயத்தில் இறந்தவர் செய்யாத பாவங்களைச் சொல்லும் பகுதி வருகிறது. “நான் யாரையும் அழவைத்ததில்லை” என்று அதில் ஒரு வரி. அங்கேயே நின்றுவிட்டேன். என்னால் அதைச் சொல்ல முடியாது. ஆனால் தராசுக் காட்சியில் ஆனி சொல்வது வேறு வரி. தன் இதயத்தைப் பார்த்தே கெஞ்சுகிறான்: என் தாய் தந்த இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல எழாதே. கல்லில் செய்த வண்டின் அடிப்பக்கத்தில் இதைச் செதுக்கி, இறந்தவர் நெஞ்சின் மேல் வைப்பார்களாம். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாலும் மனிதன் பயந்தது தன் நெஞ்சுக்குத்தான். அன்றைக்குத்தான் நன்றாக அழுதேன்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். டாரட் எகிப்தியப் பூசாரிகளின் ரகசியப் புத்தகம் என்பது சரியில்லை. அது 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்தது. எகிப்துக் கதையை 1781இல் பிரான்ஸில் கூர் த ஷெபலின் என்ற எழுத்தாளர் கிளப்பிவிட்டார். எகிப்தியரின் சித்திர எழுத்தைப் படிக்க ஷாம்போலியன் என்ற அறிஞர் வழி கண்டதே 1822இல்தான். சீட்டின் மேல் எனக்குள்ள மரியாதை இதனால் குறையவில்லை. ஆனால் எகிப்தியப் படம் வந்தால் அவர்கள் அர்த்தத்தில் முதலில் பாருங்கள், பிறகு உங்கள் மனசு சொல்வதைக் கேளுங்கள்.

*

அக்கா, உங்கள் பதிவில் வண்டு என்றதும் என் கதை ஞாபகம் வந்தது. ஃப்ரீடா ஹாரிஸ் என்ற ஓவியர் வரைந்த, ‘தோத்’ என்று பெயர் வைத்த டாரட் கட்டிலிருந்து எனக்கு நிலாச் சீட்டு வந்தது. வேலை போன மாதம் அது. சீட்டின் கீழே ஒரு வண்டு உருண்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும். அருவருப்பாகக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அது கெப்ரி, சாணி உருட்டும் வண்டாக எகிப்தியர் வரைந்த சூரிய தெய்வம், பிடித்திருப்பது சூரியன் என்று பிறகுதான் தெரிந்தது. ராத்திரி முழுக்கச் சூரியனை இருட்டுக்குள் சுமந்துபோய்க் காலையில் கிழக்கே கொண்டுவந்து விடுமாம். அந்தப் பெயருக்கே ‘ஆகிவருவது’ என்று பொருள். சீட்டில் பொழுது இன்னும் விடியவில்லை, ஆனால் சூரியன் வந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் மறுபடி விண்ணப்பம் போட ஆரம்பித்தேன். நீங்கள் அந்த நீதிச் சீட்டைத் திரும்ப எடுத்தீர்களா?

*

எடுத்தேன் தம்பி, அம்மாவின் முதல் திவசத்தன்று. உருவவில்லை, தேடித்தான் எடுத்தேன். விளக்கு முன்னால் வைத்து ஆனியின் வரியைத் தமிழில், வாய்விட்டு மூன்று முறை சொன்னேன். அப்புறம் சீட்டைக் கட்டுக்குள் வைத்துவிட்டு எல்லாருக்கும் இலை போடப் போனேன்.