மறு: ‘ரேஞ்ச்ஃபைண்டர் ஸ்டைல்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

> கையடக்க டிஜிட்டல் கேமரா வாங்குவோருக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். ‘ரேஞ்ச்ஃபைண்டர் ஸ்டைல் வியூஃபைண்டர்’ என்பதைத் ‘தொலைவுமானிப் பாணிக் காட்சிகாணி’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

வணக்கம் அம்மா.

தொலைவுமானி நல்ல சொல். ஆனால் அது தொலைவை அளக்கிற கேமராவுக்கே இருக்கட்டும். 1954இல் வந்த லைக்கா எம்3ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தொலைவை அளக்க முன்பக்கம் இடைவெளி விட்டு இரண்டு சாளரங்கள். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் நடுவிலுள்ள சிறு கட்டத்தில் பிம்பம் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். அங்கே குவியம் (ஃபோகஸ்) சரி. டிஜிட்டலில் இந்தப் பொறியோடு முதலில் வந்தது எப்சன் ஆர்-டி1, 2004இல். லைக்கா எம்8 வந்தது 2006இல்.

நீங்கள் எழுதப்போவது இவற்றைப் பற்றி அல்ல என்று நினைக்கிறேன். ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசையிலும் எக்ஸ்-இ வரிசையிலும் சோனி ஏ6000இலும் அந்தப் பொறி கிடையாது. எல்லாம் தானியங்கிக் குவியம். பழைய கேமராவிடமிருந்து இவை எடுத்துக்கொண்டது கண் வைக்கும் இடத்தை மட்டும்தான்: பின்பக்கத்து இடது மூலை. ‘தொலைவுமானிப் பாணி’ என்று படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் இரட்டைப் பிம்பம் எங்கே என்று கேட்பார்.

என் பரிந்துரை: மூலைநோக்கி. தொலைநோக்கி, நுண்ணோக்கி இருக்கிற வரிசையில் இதுவும் உட்காரும். காட்சிகாணி வேண்டாமே. இலங்கை வாசகர்களுக்குக் காணி என்றால் நிலம்தான்.

சொல்லைவிட முக்கியமான ஒன்றையும் கட்டுரையில் சேருங்கள். மூலையில் இருப்பதன் பயன் வலது கண்ணால் பார்ப்பவருக்குத்தான். மூக்கு திரையில் இடிக்காது. இடது கண்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. வாங்குமுன் கண்ணில் வைத்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

எக்ஸ்-இ, ஏ6000 இரண்டிலும் இருப்பது மின்னணு நோக்கி: உணரியில் (சென்சார்) விழுவதே கண்ணுக்குத் தெரியும். எக்ஸ்100இல், 2011இல் வந்த முதல் கேமராவிலிருந்தே, முன்பக்கத்து நெம்புகோலைத் தட்டினால் ஒளியியல் நோக்கிக்கும் மின்னணு நோக்கிக்கும் மாறிக்கொள்ளலாம். ஒளியியல் நோக்கியில் சட்டகத்துக்கு வெளியே உள்ளதும் தெரியும். தெருவில் படம் எடுப்பவர், ஆள் சட்டகத்துக்குள் நுழையும் முன்பே அவரைப் பார்த்துவிடலாம். ஆனால் கண் பார்க்கும் வழி வேறு, லென்ஸ் பார்க்கும் வழி வேறு. கிட்டத்துப் பொருள் விலகிப் பதியும். இதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம். ‘இடமாறு தோற்றப்பிழை’ என்று தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது.

> என் பரிந்துரை: மூலைநோக்கி.

ஐயா, ஒரு தடை. ‘மூலை நோக்கி நகர்ந்தான்’ என்று நாம் தினமும் எழுதுகிறோம். தொலைநோக்கிக்கு இந்தச் சிக்கல் வராததற்குக் காரணம் பழக்கம். தலைப்பில் ‘எக்ஸ்100: மூலைநோக்கி’ என்று நின்றால் கேமரா எங்கோ போவதுபோல் இருக்கும். ‘மூலைக்கண்’ என்றால் என்ன? மூலைக்கண் கேமரா. வாயில் எளிதாக வருகிறது.

இரண்டுக்கும் மாறும் நோக்கியை ஓரிடத்தில் ‘கலப்பின நோக்கி’ என்று எழுதியிருந்தார்கள். நெல்லும் மாடுமா இது! ‘இருவழி நோக்கி’ போதும்.

இன்னொன்று. 2014இல் வந்த எக்ஸ்100டியில் ஒளியியல் நோக்கியின் ஓரத்தில் ஒரு குட்டி மின்திரை சேர்த்தார்கள். அதற்கு ஃபுஜி வைத்த பெயரே ‘எலக்ட்ரானிக் ரேஞ்ச்ஃபைண்டர்’. குவியம் சரியா என்று அதில் பெரிதாக்கிப் பார்க்கலாம், அவ்வளவுதான். சாளரம் வைத்துத் தொலைவை அளக்கும் வேலை அங்கேயும் இல்லை. விற்பனைப் பெயரைத் தமிழில் அப்படியே பெயர்த்தால் முதல் குழப்பம் மறுபடி வரும். ‘குவியத் திரை’ என்று போடலாமா?

> மூலைக்கண் கேமரா

மூலைக்கண் எனக்குச் சம்மதம். தனி உறுப்பைச் சொல்லும் இடத்தில் மட்டும் ‘நோக்கி’ இருக்கட்டும்: ஒளியியல் நோக்கி, மின்னணு நோக்கி, இருவழி நோக்கி. குவியத் திரைக்கு வேறு யாருக்காவது மறுப்பு உண்டா?