வெட்டுத்தளமா, வெட்டுச்சட்டியா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நமது குழுவின் கலைச்சொல் பட்டியலில், மேலே உட்கார்ந்து ஓட்டிப் புல்வெட்டும் யந்திரத்துக்கு வைத்திருக்கும் 'இருந்தோட்டும் புல்வெட்டி' என்ற பெயரில் எனக்கு மறுப்பில்லை. எங்கள் பக்கம் இருப்பதென்றால் உட்காருவதுதான். வீட்டுக்கு வந்தவருக்குக் கதிரையைக் காட்டி 'இரிங்க' என்போம். தோளில் கொழுவி வெட்டுவதையும் மட்டக்களப்பில் 'புல்லு வெட்டுற மிசின்' என்றே சொல்வதால், இரண்டையும் பிரித்துக்காட்ட அந்த அடைமொழி தேவை. அதை ஏற்றுக்கொண்டு அடுத்ததற்குப் போவோம்.

என் கவலை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் தொங்கும் அந்த உறுப்பைப் பற்றியது. ஆங்கிலத்தில் அதை டெக் என்கிறார்கள். நமது பட்டியலில் 'வெட்டுத்தளம்' என்று ஏறியிருக்கிறது. கப்பலில் டெக் தளமாவதால் இங்கும் அது தளமாகிவிட்டது. ஆனால் இது தளமே இல்லை. கவிழ்த்து வைத்த இரும்புச் சட்டி. பிளேட்டுகள் அதற்குள்ளே சுழல்கின்றன.

இந்தச் சொல்லை நானும் நம்பிப் பயன்படுத்தினேன், அதனால்தான் எழுதுகிறேன். பாசிக்குடாப் பக்கம் ஒரு கடற்கரை விடுதியில் புல்தரை பார்ப்பவர்களுக்காகப் பராமரிப்புத் தாள் ஒன்றைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வரி: 'ஒவ்வொரு முறை வெட்டிய பின்பும் வெட்டுத்தளத்தைத் தூய்மை செய்க.' மாரி முடிந்து போய்ப் பார்த்தேன். புல் வரிவரியாக வெட்டுப்பட்டுக் கிடந்தது. நடுவில் வெட்டாத கோடுகள். வேலை பார்க்கும் தம்பியிடம் கேட்டேன், தளத்தைத் துப்புரவு செய்தீரா என்று. ஒரு நாளும் விட்டதில்லை என்றார், உண்மையாகவே. இருக்கைக்கு முன்னால் கால் வைக்கும் தகட்டைக் காட்டினார். பளபளவென்று இருந்தது. "தளம் எண்டா கால் வைக்கிற இடந்தானே சேர்?"

அவரில் என்ன பிழை? வரியை எழுதியவன் நான்.

சாவியை எடுத்து, பிளக் வயரைக் கழற்றிவிட்டு, பெல்ட்டை விலக்கி, பின்களை இழுத்து, டெக்கைப் பக்கவாட்டில் வெளியே எடுத்துக் கவிழ்த்தோம். உள்ளே இரண்டு விரல் கனத்துக்குப் புல் அப்பிக் கிடந்தது. மேல்பக்கம் பச்சை, நடுவில் கறுப்பு, இரும்போடு ஒட்டிய இடத்தில் ஈரத்தோடு செந்நிறத் துரு. மரச் சட்டுவத்தால் சுரண்டினால் துண்டு துண்டாகப் பெயர்ந்து வந்தது. அதோடு துருப்பிடித்த இரும்புச் செதிலும் வந்தது. உப்புக்காற்று வீசும் கரையில் ஈரப்புல்லை இரும்போடு ஒட்டவைத்தால் இதுதான் நடக்கும்.

துரு மட்டும் பிரச்சினை அல்ல. பிளேட்டின் பின்விளிம்பு மேல்நோக்கி வளைந்திருக்கும். சுழலும்போது அது சட்டிக்குள் காற்றை எழுப்புகிறது. அந்தக் காற்று படுத்த புல்லை நிமிர்த்துகிறது, பிளேட் வெட்டுகிறது, வெட்டிய புல் அதே காற்றோடு பக்கவாய் வழியே வெளியே போகிறது. உள்ளே அப்பிக் கிடந்தால் காற்று ஓட இடமில்லை. அதனால்தான் கூரான பிளேட் போட்டும் கோடு விழுகிறது. இருபத்தைந்து மணித்தியாலத்துக்கு ஒருமுறை பிளேட்டைத் தீட்டு என்று பொதுவாகச் சொல்வார்கள், நல்லதுதான். ஆனால் இடம் அடைபட்டிருந்தால் தீட்டிப் பலனில்லை.

டெக்கைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு வயதானவர், லேன்ட்மாஸ்டர் உழவு யந்திரங்களோடு வாழ்நாள் கழித்தவர். திருப்பிப் பார்த்த உடனே சொன்னார்: "மனே, சட்டி அடிப்பிடிச்சிட்டு. இதக் கழுவாம பிளேட்டத் தீட்டி என்ன பலன்?"

நான் தேடிக்கொண்டிருந்த சொல் அங்கே இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. சட்டி என்று சொன்னதும் 'அடிப்பிடித்தல்' தானாகவே கூட வந்துவிட்டது. உள்ளே புல் அப்பிக் காய்வதற்கு நமது பட்டியலில் 'புல்படிவுத் திரட்சி' என்று எழுதியிருக்கிறோம். ஒரு கலைச்சொல் நல்லதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை இதுதான்: அதை வைத்தால் அதன் உறவுச்சொற்களும் கேளாமலே வருகின்றனவா? தளத்துக்கு அடிப்பிடிக்காது.

ஆகவே என் பரிந்துரை 'வெட்டுச்சட்டி'.

நமது குழுவில் ஐயா ஒருவர் 'வெட்டுக்கவிகை' என்று முன்மொழிந்திருக்கிறார். கவிகை குடைக்குப் பழைய பெயர். கவிந்திருப்பது என்ற கருத்தும் சரியாகப் பொருந்துகிறது. படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் ஐயா, குடையை யாரும் உள்ளே சுரண்டிக் கழுவுவதில்லை. இந்த உறுப்பின் பராமரிப்பு முழுவதும் அதன் உட்புறத்தில்தான் இருக்கிறது. பெயரைக் கேட்டவுடன் கை உள்ளே போக வேண்டும்.

சட்டி அடுக்களைச் சொல், தொழில்நுட்ப நூலுக்குத் தரம் போதாது என்று குழுவில் ஓர் அக்கா எழுதியிருந்தார். அம்மன் கோயிலில் நேர்த்தி வைத்து ஏந்துகிற தீச்சட்டியும் சட்டிதானே, அக்கா. 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் எங்கள் காரைதீவில் பிறந்தவர். அந்த மண்ணிலிருந்து எழுதுகிற எனக்கு, வழக்கில் உள்ள ஒரு தமிழ்ச் சொல்லைத் தாழ்ந்தது என்று ஒதுக்க மனம் வருவதில்லை.

இன்னொரு இடம், நமது பட்டியலில். 'குளிர்காலச் சேமிப்பு' என்று ஒரு தலைப்பு இருக்கிறது. பனி விழும் நாட்டுக் கையேட்டில் அது சரி. இங்கே மாரியில்தான் புல் மதாளித்து வளர்கிறது; கச்சான்காற்று அடிக்கும் மாதங்களில் புல் காய்ந்து யந்திரம் கொட்டிலில் நிற்கிறது. செய்யவேண்டிய வேலை ஒன்றே: முப்பது நாளுக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் தாங்கியிலும் காபரேற்றரிலும் பழைய பெற்றோலை விட்டுவைக்காதே, பற்றரியைக் கழற்றி வை. ஆகவே 'கிடப்புக்காலப் பராமரிப்பு' என்று மாற்றக் கேட்கிறேன். எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

திருத்திய வரிகளை இப்படி எழுதியிருக்கிறேன்: 'வெட்டுச்சட்டியின் உட்புறத்தில் புல் அடிப்பிடிக்க விடாதீர்கள். பிளக் வயரைக் கழற்றிய பின்பே உள்ளே கை வையுங்கள். நான்கு டயர்களுக்கும் உரிய அளவு காற்று அடித்த பிறகே சட்டியின் மட்டம் பாருங்கள். இடமும் வலமும் ஒரே உயரம், முன்பக்கம் பின்பக்கத்தைவிடச் சற்றுத் தாழ்வு.' அதே தம்பியிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், குனிந்து கீழே பார்த்தார்.

ஒரு சொல் மட்டும் இன்னும் எனக்கு அமையவில்லை. வெட்டிய புல் வெளியே போகிற அந்தப் பக்கவாய்க்குப் பட்டறையில் 'மூக்கு' என்கிறார்கள். அடைபட்டால் 'மூக்கடைச்சிட்டு' என்றும் சொல்கிறார்கள், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டிக்கு மூக்கு ஏது, கெண்டிக்குத்தானே மூக்கு? 'சட்டிமூக்கு' என்று எழுதினால் உங்கள் ஊர்களில் விளங்குமா? வன்னியிலும் மலையகத்திலும் இந்த யந்திரத்தோடு வேலை செய்பவர்கள் வேறு ஏதும் சொல்கிறார்களா? கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து