பத்து நாள் ரோல்பேக்கை நம்பி அலுவலகம் முழுக்க விண்டோஸ் 11 ஏற்றலாமா?

சர்வர்வாசி: நேற்று இங்கே வேகன் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதாம், இனி சிலர் கணினியில் மட்டும் முதலில் போட்டுச் சோதிக்கும் பைலட்டுக்கு நேரமில்லையாம், எல்லாக் கணினிக்கும் ஒரே வார இறுதியில் 11-ஐத் தள்ளிவிட வேண்டுமாம். ஏதாவது கோளாறு வந்தால் பத்து நாளுக்குள் ரோல்பேக் செய்து பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடலாமாம். வீட்டில் ஒரு கணினி வைத்திருப்பவருக்கு அது சரி. பெரிய அலுவலகத்தில் கணக்குப் பிரிவு காலாண்டு முடிவில் மட்டும் ஒரு பழைய நாஸ் பெட்டியை (நெட்வொர்க்கில் எல்லோருக்கும் கோப்பு வைக்கும் பெட்டி) திறக்கும். 11-இன் 24எச்2 பதிப்பில், நெட்வொர்க்கில் கோப்பு பகிரும் எஸ்எம்பி முறைக்கு டிஜிட்டல் கையொப்பம் இயல்பாகவே கட்டாயம். பெட்டிக்கு அது தெரியாவிட்டால் கோப்புறை திறக்காது. அது தெரியவரும் நாளில் பத்து நாள் எங்கே இருக்கும்?

வேகன்: பத்து நாளை 60 நாள் வரை நீட்டலாம். விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்ம் கருவிக்கு ஒரு வரிக் கட்டளை போதும். அப்கிரேடு ஸ்கிரிப்டின் கடைசியில் சேர்த்தால் தானே ஓடும். இதுகூடத் தெரியாமல் பெரிய பதிவு எழுத வந்துவிட்டீர்கள்.

சர்வர்வாசி: தெரிந்துதான் எழுதினேன். டிஸ்க் நிறைந்துவிட்டதென்று ஒருவர் ஹெல்ப்டெஸ்க்கைக் கூப்பிடுவார். அங்கிருப்பவர் டிஸ்க் கிளீனப்பைத் திறந்து, முந்தைய விண்டோஸ் நிறுவல் என்ற பெட்டியில் டிக் போட்டு ஓகே அழுத்துவார். பல ஜிபி காலியாகும், கூப்பிட்டவரும் நன்றி சொல்வார். ரோல்பேக் அந்த நிமிடமே போய்விட்டது. 10 என்றாலும் 60 என்றாலும் ஒன்றுதான்.

இமேஜ்பாண்டி: இருவரும் வெட்டியாகச் சண்டை போடுகிறீர்கள். பழையதன் மேலேயே புதியதை ஏற்றுவதுதான் தப்பு. டிஸ்க்கைத் துடைத்துவிட்டுப் புது இமேஜ் (தயாராக அமைத்துவைத்த விண்டோஸ் நகல்) போடுங்கள்.

சர்வர்வாசி: பாண்டி, 2020 ஜனவரியில் விண்டோஸ் 7 முடிந்தபோதும் இதையேதான் சொன்னீர்கள். ஒவ்வொருவரின் மென்பொருளையும் அமைப்பையும் திரும்பக் கொண்டுவருவது யார் என்று அன்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

இமேஜ்பாண்டி: பதில் சொன்னேன். நீங்கள்தான் படிக்கவில்லை.

புதியவள்: ஒரு சந்தேகம். 11-இன் எண்டர்பிரைஸ் பதிப்பில் 22எச்2 முதல், லாகின் ரகசியங்களைக் காக்கும் 'கிரெடென்ஷியல் கார்ட்' வசதி தானாகவே இயங்குகிறது. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பழைய எம்எஸ்சாப் வி2 முறையில் ஓடும் வைஃபை இருந்தால் விண்டோஸ் லாகினை வைத்துத் தானாக இணைவது நின்றுவிடும் அல்லவா? அவசரமென்றால் விண்டோஸ் 10-க்கு நீட்டித்த ஆதரவைக் காசு கொடுத்து வாங்கி ஒரு வருடம் நிதானமாகச் செய்யலாமே.

வேகன்: முதல் வருடமே கணினிக்கு 61 டாலர், அப்புறம் வருடாவருடம் இரட்டிப்பு. பயந்தாங்கொள்ளிகள் கட்டும் வரி அது. பத்து நாளில் முடிகிற வேலைக்கு ஒரு வருடமா?

சர்வர்வாசி: முடிகிற வேலையா? 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் இல்லாத கணினியை எப்படி முடிப்பீர்கள்? இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்கள் பெரும்பாலும் 11-க்கான பட்டியலிலேயே இல்லை. அவற்றுக்கு மாற்றுக் கணினி வரும்வரை அந்த வரியைக் கட்டித்தான் ஆக வேண்டும். புதியவள் சொன்ன வைஃபை விஷயமும் நிஜம். அதைப் பைலட்டில்தான் பிடிக்க முடியும். முதலில் ஐடி ஆட்கள், பிறகு பிரிவுக்கு ஓரிருவர். அவர்கள் ஒரு மாத முடிவையாவது முழுக்கக் கடக்க வேண்டும். அப்புறம்தான் மற்றவர்கள். மாத முடிவைப் பார்க்காத பைலட் பைலட்டே இல்லை.

வேகன்: மறுபடி சொல்கிறேன், 60 நாள். அதற்குள் இரண்டு மாத முடிவு வரும். உங்கள் வாதம் அங்கேயே முடிந்தது.

சர்வர்வாசி: நாஸ் பெட்டி திறப்பது காலாண்டு முடிவில் என்று முதலிலேயே எழுதினேன், நீங்கள் மாத முடிவை மட்டும் எண்ணுகிறீர்கள். ரோல்பேக் செய்தால் இடையில் நிறுவிய மென்பொருள் அத்தனையும் போகும். டிஸ்க்கைப் பிரித்துவைக்கும் முறையைப் பழைய எம்பிஆரிலிருந்து புதிய ஜிபிடிக்கு மாற்றியிருந்தால் அதையும் உங்கள் ரோல்பேக் திருப்பாது. அதைத் திருப்ப ஒரு வரிக் கட்டளை இருந்தால் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.

வேகன்: அந்த மாற்றத்தை எதற்குத் திருப்ப வேண்டும்? ஜிபிடியிலும் விண்டோஸ் 10 ஓடும். பேச்சை மாற்றாதீர்கள். 60 நாள்.

இமேஜ்பாண்டி: துடைத்துப் போட்டிருந்தால் இந்தப் பஞ்சாயத்தே வந்திருக்காது. என் பழைய பதிவை யாராவது தேடி எடுத்து சர்வர்வாசிக்குக் காட்டுங்கள்.