தோட்டத்துப் பூச்சிச் சத்தம் பதிவில் விழவில்லை, பாட்டிக்காகக் கேட்கிறேன்

லயத்துப் பேரன் (சுங்கை சிப்புட், மலேசியா):

எல்லாருக்கும் வணக்கம். என் பாட்டிக்கு 81 வயது. முப்பத்தைந்து வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். ஆறு மாதத்துக்கு முன்பு தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடு) டவுனுக்கு, எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்தோம். நான்காவது மாடி. அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை. "ராத்திரியில ஒரு பூச்சி கூடக் கத்தலயேய்யா, காது அடைச்ச மாதிரி இருக்கு" என்கிறார்.

சரி, பழைய லயத்துப் பக்கம் போய்ப் பதிவு செய்து வந்து படுக்கையருகில் போட்டுவிடலாம் என்று கைப்பேசியோடு மூன்று முறை போனேன். ஒவ்வொரு முறையும் ஒரே கதை. முதல் மூன்று விநாடி சத்தம் நன்றாக இருக்கிறது. அப்புறம் யாரோ கதவைச் சாத்தியது போல அடங்கிவிடுகிறது. நான் தொண்டையைச் செருமியது மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. தங்கைக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல் செய்தியாக அனுப்பியதில் மிச்சமிருந்ததும் காணாமல் போய்விட்டது.

இன்னொன்று. விளக்கு வைக்கும் நேரத்தில், ஆறே முக்காலுக்கு, பெரிய சத்தமாக ஒன்று கத்தும் என்று பாட்டி சொல்கிறார். கல்யாணமாகி வந்த புதிதில் அதைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டுவாராம். ஆறரைக்கே போய் ஏழு வரை நின்றேன். ஒன்றும் இல்லை. கைப்பேசியை மாற்ற வேண்டுமா?

ஒலிக்கூடம்:

தம்பி, கைப்பேசியை மாற்ற வேண்டாம். அது மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது. ஒரே சீராக வரும் எந்தச் சத்தத்தையும் 'இது இரைச்சல்' என்று முடிவு கட்டி அமுக்கிவிடும். மின்விசிறிச் சத்தத்தை நீக்கத்தான் அந்த ஏற்பாடு. சுவர்க்கோழியும் மின்விசிறி போலத்தான் விடாமல் பாடுகிறது, அதனால் அதையும் சேர்த்து அழித்துவிடுகிறது. அந்த மூன்று விநாடி, அது யோசித்து முடிவெடுக்கும் நேரம்.

ஒலிப்பதிவுச் செயலிகள் சிலவற்றின் அமைப்பில் மைக் வகை என்று ஒரு இடம் இருக்கும். அதில் 'ரா' அல்லது 'அன்பிராசஸ்ட்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இரைச்சல் குறைப்பு, தானியங்கி ஒலியளவு இரண்டையும் அணைத்துவிடுங்கள். கோப்பு வகை வேவ் (WAV), மாதிரி வீதம், அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது, 44,100 அல்லது 48,000. 44,100 என்றால் ஏறத்தாழ 22,000 ஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். மோனோவில் (ஒற்றைத் தடம்) நிமிடத்துக்கு 5 எம்பி ஆகும், அரை மணி நேரத்துக்கு 150 எம்பி சொச்சம். இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குரல் செய்தியாக அனுப்பவே அனுப்பாதீர்கள். அது பேச்சுக்கு வேண்டிய அளவை வைத்துக்கொண்டு மேலே உள்ள கீச்சொலியை வெட்டிவிடும். ஆவணக் கோப்பாக இணைத்து அனுப்பினால் முழுசாகப் போகும்.

பீடோர் டீச்சர்:

பாட்டி சொன்ன ஆறே முக்கால் சரிதான் தம்பி. கடிகாரம்தான் மாறிவிட்டது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். பூச்சிக்கு அது தெரியாது, அது வெளிச்சத்தைப் பார்த்துக் கத்துகிறது. அன்றைய ஆறே முக்கால் இன்றைக்கு ஏழே கால். நீங்கள் ஏழு மணிக்குக் கிளம்பி வந்துவிட்டீர்கள்.

அவர் சொல்வது பெரிய சில்வண்டாக இருக்கும். மலாய்க்காரர்கள் ரியாங்-ரியாங் என்பார்கள். நம் சங்கப் பாடல்களில் சிள்வீடு என்று வருகிறது. உலகிலேயே பெரிய சில்வண்டு நம் நாட்டுக் காட்டில்தான் இருக்கிறது, சிறகை விரித்தால் ஏறத்தாழ 20 செண்டிமீட்டர். சுவர்க்கோழி முன்சிறகு இரண்டையும் உரசிப் பாடும். சில்வண்டுக்கு வயிற்றின் இரு பக்கமும் விலா போட்ட சவ்வு உண்டு. அதைத் தசையால் உள்ளே இழுத்து இழுத்து விடும், டின் மூடியை அமுக்கினால் 'டக்' என்று வருமே, அதுபோல. அதை நொடிக்குப் பல நூறு முறை செய்கிறது. இரண்டிலும் பாடுவது ஆண்தான்.

செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) நடுவில் நிற்காமல் பெரிய மரங்கள் உள்ள ஆற்றோரமாகப் போங்கள்.

லாபிஸ் அண்ணன்:

தனியாகப் போகாதீர்கள். செம்பனையில் எலி இருக்கும், எலி இருந்தால் நாகமும் இருக்கும். பூட்ஸ் போட்டு, ஜாகாவிடம் (காவலாளி) சொல்லிவிட்டுப் போங்கள். கொசு மருந்து தடவிய கையோடு கைப்பேசியைத் தொடாதீர்கள், அதில் உள்ள டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கை உருக்கும்.

கைப்பேசியைக் கையில் பிடிக்கவும் கூடாது. காற்றுக்கு மைக் பக்கம் ஒரு காலுறையை மாட்டி, கட்டையில் வைத்துவிட்டு இருபது முப்பது அடி தள்ளிப் போய் உட்காருங்கள். காலடி அதிர்ந்தாலே சுவர்க்கோழி வாயடைத்துவிடும். பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் ஒன்று தொடங்கும், அப்புறம் மற்றவை சேர்ந்துகொள்ளும்.

லயத்துப் பேரன்:

அண்ணே, டீச்சர், கிடைத்துவிட்டது! நேற்று மாமாவோடு போனேன். ஏழு பதினெட்டுக்கு ஆற்றோரத்திலிருந்து சங்கு ஊதுவது போலத் தொடங்கியது. மாமா பேசியது என் காதில் விழவில்லை. சரியாகப் பன்னிரண்டு நிமிடம், அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. அதன்பிறகு இருட்டில் சுவர்க்கோழிகள். பதிவில் எல்லாம் இருக்கிறது, அடங்கவே இல்லை.

பாட்டி கேட்டார். சில்வண்டு வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் சுவர்க்கோழி வந்ததும், "இதுல ஒண்ணு கொறையுது. ஊசியால நூல் கோர்க்கிற மாதிரி சன்னமா ஒண்ணு இருக்குமே" என்கிறார். லோரிச் சத்தமும் அடியில் உறுமிக்கொண்டே இருக்கிறது.

ஒலிக்கூடம்:

லோரிக்கு ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஹை-பாஸ் வடிகட்டி போடுங்கள், 1,000 ஹெர்ட்ஸில். அதற்குக் கீழே உள்ள உறுமலை அது குறைத்துவிடும். சுவர்க்கோழி பெரும்பாலும் 2,000 முதல் 8,000க்குள் பாடுகிறது, அதற்கு ஒன்றும் ஆகாது.

அந்தச் சன்னமான ஒன்று பதிவிலேயே இருக்கலாம். அதே ஆடாசிட்டியில் ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றி 10,000க்கு மேலே பாருங்கள். வயதாகும்போது காது முதலில் இழப்பது மேல்சத்தத்தைத்தான். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் கேட்கச் சொல்லுங்கள்.

லயத்துப் பேரன்:

அண்ணே, இருக்கிறது. 13,000 பக்கம் மெல்லிய கோடு, விட்டு விட்டு, தையல் போட்டது போல. எனக்கே மங்கலாகத்தான் கேட்கிறது. என் மகள் உடனே "ஈஈ என்று கத்துதே" என்கிறாள், அவளுக்கு ஒன்பது வயது. பாட்டிக்கு எதுவும் கேட்கவில்லை. லயத்தில் இருந்தபோதே அது அவருக்குக் கேட்காமல் போயிருக்கும் என்று நினைத்தபோது மனசு கனத்துவிட்டது.

ஒலிக்கூடம்:

அந்தக் கோட்டை மட்டும் தனித் தடமாக எடுத்து, சுருதியை ஒரு ஸ்தாயி (ஆக்டேவ்) கீழே இறக்குங்கள். 13,000 பாதியாகி 6,500க்கு வரும். சத்தத்தைக் குறைத்து மற்றதோடு கலந்து பாருங்கள்.

பீடோர் டீச்சர்:

ஒலிபெருக்கியைத் தலைமாட்டில் வைக்காதீர்கள். ஜன்னலுக்கு வெளியே, நடைபாதைப் பக்கம் வைத்து ஜன்னலைப் பாதி திறந்துவிடுங்கள். பூச்சி வெளியே இருந்துதானே கத்தும்.

லயத்துப் பேரன்:

இறக்கிப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். "கொஞ்சம் தடிச்சுப் போச்சு, ஆனா அதுதான்" என்றார்.

டீச்சர் சொன்னபடி ஒலிபெருக்கி இப்போது நடைபாதைப் பூச்சட்டிக்குப் பின்னால் இருக்கிறது. மூன்று இரவாகத் தூங்குகிறார். ஒரே ஒரு கட்டளை மட்டும் போட்டிருக்கிறார்: நாலரை மணிக்கு நிறுத்திவிட வேண்டும், அது பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது) எழும்பும் நேரமாம். அதற்குள் தானாக நிற்கும்படி நேரம் வைக்கும் செயலி ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். இப்போதைக்கு நான்தான் எழுந்து நிறுத்துகிறேன்.