புதுப்பிப்பு: பச்சைத் திரைப் படத்தில் பறக்கும் முடி

அக்கா மகளின் படத்தில் பச்சைத் திரையை நீக்கினால் மெல்லிய முடியெல்லாம் வெட்டுப்படுகிறது, மிச்சமிருப்பதும் பச்சையடிக்கிறது என்று கேட்டிருந்தேன். உதவியவர்களுக்கு நன்றி.

பலித்தது, லேயரை (படத்தின் அடுக்கை) இரண்டாக்கச் சொன்ன யோசனைதான். கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் ஒரு லேயரில் முகத்துக்கும் உடலுக்கும் கறாரான மாஸ்க், அதாவது வேண்டாத பகுதியை மறைக்கும் மறைப்பு. இன்னொன்றில் முடிக்கு மட்டும் ‘கலர் டு ஆல்ஃபா’; நாம் தேர்ந்தெடுக்கும் நிறத்தை அது ஒளி ஊடுருவும்படி ஆக்கிவிடும். திரையின் பச்சையை முடிக்குப் பக்கத்திலேயே தொட்டு எடுக்க வேண்டும். முதலில் முழுப் படத்துக்கும் போட்டு, பாவாடையின் பச்சை பார்டரும் காணாமல் போனது தனிக்கதை! அப்புறம் ‘எச்எஸ்எல் கலர்’ மோடில் (வெளிச்சம் அப்படியே இருக்க, நிறம் மட்டும் மாறும்) புது லேயர் வைத்து, ஓரத்துப் பச்சையின் மேல் முடியின் நிறத்தைத் தீட்டினேன்.

எதிர்பாராதது: முடியோரம் கட்டம் கட்டமாகத் தெரிந்ததற்குக் காரணம் படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் வடிவம். என் கோப்பு 4:2:0 என்ற முறையில் சுருக்கப்பட்டது. அதில் நிற விவரம் நீளத்திலும் அகலத்திலும் பாதிதான். கேமராவின் மூலப் பதிவான ரா கோப்பிலிருந்து, நிற விவரத்தை இப்படிக் குறைக்காத 16 பிட் டிஃப் கோப்பாக எடுத்ததும் சரியாகிவிட்டது.