சித்தப்பாவுக்குக் குளிர்காய்ச்சல்: குடும்பக் குழுவில் ஒரு காலை

கலா: இவருக்கு நேற்று இரவிலிருந்து காய்ச்சல், போர்வைக்கு மேல் போர்வை போட்டும் நடுங்குகிறார். பாத்ரூமுக்குப் போய்ப் போய் வருகிறார், போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறதாம், எரிச்சல் வேறு

ராமு: சூடுதான் கலா. வெயிலில் பைக்கில் அலைந்தால் வரத்தான் செய்யும். பார்லி தண்ணீர் கொடு, தொப்புளில் விளக்கெண்ணெய் வை

முருகேசன்: இதையெல்லாம் குரூப்பில் போட வேண்டுமா?

கலா: டாக்டரிடமும் வாயைத் திறக்க மாட்டேன் என்றால் வேறு எங்கே போடுவது

செல்வி: சித்தப்பா, வெட்கப்படாமல் சொல்லுங்கள். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் வலிக்கிறதா? அடிவயிறு, இடுப்பு?

முருகேசன்: ஆமாம்மா, உட்கார்ந்தால் கல் மேல் உட்கார்ந்த மாதிரி. மலம் கழிக்கும்போதும் வலி

செல்வி: புரோஸ்டேட் அழற்சியாக இருக்கலாம். அந்தச் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க்குழாயைச் சுற்றி இருக்கிறது, கிருமி போய் வீங்கினால் குழாயை நெருக்கிவிடும், அதனால்தான் முக்க வேண்டியிருக்கிறது. வெறும் நீர்க்கடுப்பு என்றால் இப்படி நடுக்கம் வராது. இன்றைக்கே போங்கள். சிறுநீர் அடியோடு அடைத்துக்கொண்டால் நேராக அவசர சிகிச்சைக்கு. வீட்டில் மிச்சமிருக்கிற ஆன்டிபயாடிக்கைப் போட்டுவிடாதீர்கள், கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்டுக்கு, சிறுநீர் கொடுத்த பிறகு டாக்டர் தருவதைப் போட்டால்தான் எந்தக் கிருமி என்று தெரியும்

ராமு: புரோஸ்டேட் எல்லாம் வயதானவர்களுக்குத்தானே? மாப்பிள்ளைக்கு 44தானே ஆகிறது

செல்வி: மாமா, வயதானால் வருவது வேறு, அது சுரப்பி மெல்ல மெல்லப் பெரிதாவது, காய்ச்சல் இருக்காது. அழற்சி 50 வயதுக்குக் கீழேயும் சகஜமாக வரும். சர்க்கரை இருக்கிறவர்கள், சிறுநீர் போக டியூப் போட்டு எடுத்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்

தினேஷ்: அக்கா, புரோஸ்டேட் கேன்சரா என்று பார்க்க பி.எஸ்.ஏ. ரத்த டெஸ்டும் சேர்த்து எடுத்துவிடலாமா? லேபில் ஆஃபர் போகிறது

செல்வி: இப்போது வேண்டாம்டா. அழற்சி இருக்கும்போது அந்த அளவு எகிறித்தான் இருக்கும், அதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் அழுவீர்கள். தேவை என்று டாக்டர் சொன்னால் குணமாகி 6, 8 வாரம் கழித்து எடுக்கலாம்

தினேஷ்: சரி. ஆபீஸில் ஒரு நண்பனுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை, ஆனால் அதே இடத்தில் மாதக்கணக்காக வலியாம்

செல்வி: 3 மாதத்துக்கு மேல் என்றால் அது நாள்பட்ட வகையாக இருக்கலாம், அதில் பெரும்பாலும் கிருமியே இருக்காது, ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றி விழுங்கிப் பயனில்லை. வெந்நீரில் உட்காருவது, இடுப்புத் தசையைத் தளர்த்தும் பயிற்சி என்று சிகிச்சையே வேறு மாதிரி. அந்த நண்பனை எனக்குத் தனியாக போன் பண்ணச் சொல்

தினேஷ்: 🙈

கலா: ஆட்டோ வந்துவிட்டது, கிளம்புகிறோம்

கலா: பார்த்துவிட்டோம். நீ சொன்னதுதான் செல்வி. சிறுநீர் கொடுத்தாயிற்று, முதல் ஊசியும் போட்டாயிற்று. ஒரு நாள் இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள், அப்புறம் மாத்திரை வாரக்கணக்கில் போட வேண்டுமாம்

செல்வி: நல்லது சித்தி. காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் விட்டுவிடும், உடனே மாத்திரையை நிறுத்த விடாதீர்கள், பாதியில் விட்டால் திரும்ப வந்து நாள்பட்டதாகிவிடலாம்

ராமு: அப்போது பார்லி தண்ணீர் வேண்டாமா?

செல்வி: டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள் மாமா. விளக்கெண்ணெயை மட்டும் விட்டுவிடுங்கள்