ஒத்தியங்கு சோதனைச் சுற்றுக்குப் போவதா, சோதனைத் தளமே போதுமா?

தறிமுனை எழுதியது:

கோவையில் ஒரு சிறிய நிறுவனத்தில், வணிக ஆவணங்களை இணையத்தில் பாதுகாப்பாகப் பரிமாறும் விதிமுறையான ஏஎஸ்2வுக்குரிய நுழைவாயில் மென்பொருளை எழுதிப் பராமரிக்கும் நால்வரில் நானும் ஒருவன். பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் சிலர் எங்கள் மென்பொருளைக் கொண்டுதான் அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனங்களிடமிருந்து கொள்முதல் ஆணைகளைப் பெறுகிறார்கள். சரக்கு புறப்பட்டதும் 856 என்னும் முன்னறிவிப்பையும் அதன் வழியேதான் அனுப்புகிறார்கள்.

புதிய பதிப்பை வெளியிடும் முன் ஒத்தியங்கு சோதனைச் சுற்று ஒன்றில் சேரலாமா என்ற பேச்சு எழுந்துள்ளது. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இத்தகைய சுற்றில் பல நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை வாரக்கணக்கில் இணையத்தில் திறந்துவைத்து, ஒரே சோதனைப் பட்டியலின்படி ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்பி, அவர்களிடமிருந்து பெறவும் வேண்டும். கடைசிக் கட்டத்தில் மென்பொருளில் ஒரு வரியையும் மாற்றாமல் எல்லாருடனும் தேறினால்தான் சான்று கிடைக்கும். கட்டணம் உண்டு, எங்கள் நால்வரில் இருவர் அந்த வாரங்களில் வேறு எதையும் தொட முடியாது. தானியங்கிச் சோதனைத் தளம் ஒன்றில் தரவரையறைக்கு இணங்குகிறோமா என்று பார்த்துக்கொண்டால் போதும் என்பது எங்கள் முதலாளியின் எண்ணம். இத்துறையில் நெடுநாள் இருப்பவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒப்புகை எழுதியது:

சேருங்கள் என்பதே என் கருத்து.

2002இல் வால்மார்ட் தனக்குச் சரக்கு அளிப்பவர்களை ஏஎஸ்2க்கு மாறச் சொன்னது. அதுவரை ஈடிஐ எனப்படும் மின்னணு வணிக ஆவணங்களில் பெரும்பகுதி இடைநிலை வலையமைப்புகள் வழியே, எழுத்துக்கணக்கில் கட்டணம் செலுத்திச் சென்றுகொண்டிருந்தது. ஆனால் ஏஎஸ்2வுக்கான ஆர்எஃப்சி 4130 (ஆர்எஃப்சி என்பது இணைய விதிமுறைகள் வெளியாகும் ஆவண வரிசை) வெளியானதோ 2005 ஜூலையில். அதாவது ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அத்தனை பெரிய வணிகம் ஒரு வரைவை நம்பி நடந்தது. அந்த வரைவை ஆளுக்கொரு விதமாகப் படித்த மென்பொருள்களை ஒன்றோடொன்று பேச வைத்தவை டிரம்மண்ட் குழுமம் நடத்திய சுற்றுகளே. அக்குழுமத்தை 1999இல் தொடங்கிய ரிக் டிரம்மண்ட், இணைய விதிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் இத்தரவரையறையை உருவாக்கிய பணிக்குழுவுக்கும் தலைமை வகித்தவர். ஆகவே சோதனையில் தெரிந்த குழப்பம் வரைவை எழுதியவர்களின் காதுக்கு நேராகவே போய்ச் சேர்ந்தது.

தளம் ஏன் போதாது என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஏஎஸ்2வில் பெறுபவர், வந்த உள்ளடக்கத்தின் மீது ஒரு ஹாஷ் (அதன் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு அதைத் தம் ஒப்புகையில் வைத்துத் திருப்பி அனுப்புவார். எம்ஐசி என்று நாம் சொல்வது அதைத்தான். அனுப்பியவர் தம் கணக்கோடு அதை ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றானால்தான் செய்தி சேர்ந்தது என்று எடுத்துக்கொள்வார். எதன் மீது கணக்கிடுவது என்பதில்தான் சிக்கல். கையொப்பமிட்ட செய்தி என்றால் மைம் தலைப்புகளையும் (உள்ளடக்கத்தின் வகையைச் சொல்லும் முன்வரிகளை) சேர்த்து. கையொப்பமும் குறியாக்கமும் இல்லாத செய்தி என்றால் தலைப்புகளை விட்டுவிட்டு. உள்ளடக்கத்தைச் சுருக்கியும் அனுப்பினால் இன்னொரு கேள்வி வருகிறது: சுருக்கிய பின் கையொப்பமா, கையொப்பத்துக்குப் பின் சுருக்கமா?

நாங்கள் முதலில் சுருக்கி, பிறகு கையொப்பமிட்டு அனுப்பினோம். எதிர்முனை மென்பொருள் சுருக்கத்தை விரித்துவிட்டு, விரித்த உள்ளடக்கத்தின் மீது எம்ஐசி கணக்கிட்டது. செய்தி நல்லபடியாகச் சேர்ந்து, அவர்களுடைய கணினிக்குள்ளும் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் மட்டும் எம்ஐசி பொருந்தவில்லை என்று பதிவாகி, தோல்வி என்று கருதி எங்கள் சர்வர் மீண்டும் மீண்டும் அனுப்பியது. ஒரே 856 மூன்று முறை போய்ச் சேர்ந்து, வராத சரக்கையெல்லாம் வரப்போவதாக அவர்களுடைய கிடங்கில் கணக்கு எழுதிவிட்டார்கள். எது கையொப்பமிடப்பட்டதோ அதன் மீதே கணக்கிட வேண்டும் என்று ஆர்எஃப்சி 5402 தெளிவாகச் சொல்கிறது. ஆயினும் அந்த மென்பொருளை எழுதியவர்கள் அதை அதனோடேயே பலமுறை சோதித்திருந்தார்கள். இரு முனையிலும் ஒரே பிழை இருந்ததால் எண்கள் ஒவ்வொரு முறையும் பொருந்தியிருக்கின்றன.

கரைவேலி எழுதியது:

நண்பர் ஒப்புகை சொன்ன நிகழ்ச்சி அவருடைய முடிவுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது என்று நினைக்கிறேன். சுருக்கம், கையொப்பம் இரண்டையும் இரு வரிசையிலும் அனுப்பிப் பார்க்கும் ஒரு தளம் இருந்திருந்தால், அந்தப் பிழை பத்து நிமிடத்தில் அகப்பட்டிருக்கும். அதற்காக உலகெங்கும் உள்ள பொறியாளர்களை வாரக்கணக்கில் உட்கார வைக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கையைப் பாருங்கள். 10 மென்பொருள்கள் என்றால் 45 இணைகள், 20 என்றால் 190. ஐரோப்பாவில் 2008இல் ஒரு திட்டமாகத் தொடங்கிய பெப்போல் என்னும் மின் விலைப்பட்டியல் வலையமைப்பில் 300 அணுகுமுனைகள் (அதில் சேர்ந்த சர்வர்கள்) என்று வைத்துக்கொண்டால் 44,850 இணைகள். யாரால் இத்தனையையும் சோதிக்க முடியும்? அங்கே புதிதாகச் சேர்பவர், சர்வரின் அடையாளத்தைக் காட்டும் மின்சான்றிதழைச் சோதனைக்கு மட்டும் பெற்று, அதைக் கொண்டு பொதுச் சோதனைத் தளத்தில் தேறுகிறார். தேறியபின் நடைமுறைச் சான்றிதழைப் பெற்று உள்ளே வருகிறார். 2020 பிப்ரவரியில் வலையமைப்பு முழுவதும் ஏஎஸ்2வுக்குப் பின் வந்த ஏஎஸ்4 விதிமுறையைக் கட்டாயமாக்கியபோதும் இந்த முறை தாங்கியது.

அடுத்து, சுற்றில் தேறிய மென்பொருள்களின் பெயர்கள் அறிக்கையில் வருகின்றன. தேறாதவர்கள் யார், எதில் இடறினார்கள் என்பது வெளியே தெரிவதில்லை. அந்தச் சான்று குறிப்பிட்ட ஒரு பதிப்புக்கு உரியது என்பதையும், ஆறு மாதத்தில் அடுத்த பதிப்பு வந்துவிடும் என்பதையும் வாங்குபவர் கவனிப்பதில்லை.

எனக்கு மிகுந்த கவலை தருவது வேறொன்று. அனுப்புவதில் கண்டிப்பு, ஏற்பதில் தாராளம் என்ற கொள்கையை இணைய முன்னோடி ஜான் போஸ்டல் 1981இல், இணையத்தின் அடிப்படை விதிமுறைகளுள் ஒன்றான டிசிபியின் ஆவணத்தில் எழுதினார். சோதனைச் சுற்றில், நாள் நெருங்க நெருங்க, இந்தத் தாராளம் எல்லை மீறுகிறது. எதிராளியின் பிழையைச் சுட்டிக்காட்டித் திருத்த வைப்பதைவிட, அவருக்கென்று தனியாக ஒரு நிபந்தனை வரியை எழுதித் தேறிவிடுவது எளிது. அப்படி எழுதிய வரி பின்னர் நீங்குவதே இல்லை. அடுத்த ஆண்டு வருபவர் தரவரையறையைப் படித்துவிட்டு வந்தால் போதாது, பழையவர்களுக்குள் இருக்கும் எழுதாத உடன்பாடுகளையும் அறிந்திருக்க வேண்டும். சிறிய நிறுவனத்துக்கு இது நியாயமா?

செம்பவாங் எழுதியது:

சிங்கப்பூரில், பெப்போலின் மேல் இயங்கும் இன்வாய்ஸ்நவ் வழியே விலைப்பட்டியல்களைக் கையாளுகிறேன். ஐரோப்பாவுக்கு வெளியே முதன்முதலாகப் பெப்போலை ஏற்ற நாடு இதுதான். 2019 ஜனவரியில் இங்கே தொடங்கினார்கள்.

நீங்கள் இருவரும் ஆவணத்தை ஏந்திச் செல்லும் உறையைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். எங்களுக்கு உறை கிழிந்ததே இல்லை; உள்ளே இருந்த கடிதம்தான் திருப்பி அனுப்பப்பட்டது. வரிவகைக் குறியீடு பொருந்தவில்லை, அல்லது வரிசைத் தொகைகளின் கூட்டல் ஒரு காசு விலகிவிட்டது. ஆனால் அதற்கு யாரும் கூடிச் சோதிக்க வேண்டியிருக்கவில்லை. மின் விலைப்பட்டியலுக்கான ஐரோப்பியத் தரவரையறையான ஈஎன் 16931இன் விதிகள், கணினியே ஓட்டிச் சரிபார்க்கும் ஸ்கீமட்ரான் கோப்புகளாகவே வெளியிடப்பட்டுள்ளன. பெப்போலுக்கும் அவ்வாறே உள்ளன. அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே கோப்பை ஓட்டிப் பார்க்கிறார்கள். விதியே நிரலாக இருக்கும்போது அதை இரண்டு விதமாகப் படிக்க இடமில்லை.

ஒப்புகை எழுதியது:

செம்பவாங் அவர்கள் சொன்னதை முழுமனத்தோடு ஏற்கிறேன். உள்ளடக்க விதிகளை நிரலாக்க முடியும், ஆக்கவும் வேண்டும். ஆனால் இரண்டு சர்வர்கள் கைகுலுக்கிக்கொள்வதை அப்படி ஒரே கோப்பில் அடக்க முடியாது.

கரைவேலி அவர்களின் 44,850க்கு மறுமொழி சொல்கிறேன். சோதிக்க வேண்டியவை நிறுவல்கள் அல்ல, அவற்றின் உள்ளே ஓடும் மூல மென்பொருள்களான எஞ்சின்கள். பெப்போல் அணுகுமுனைகளில் பல, ஆக்சலிஸ், ஃபேஸ்4, ஹோலோடெக் போன்ற திறமூல எஞ்சின்களின் மேல் ஓடுகின்றன. நூறு பேர் ஒரே எஞ்சினை வைத்திருந்தால் அது ஒரே வாசகர் நூறு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். அங்கே தளம் போதுமானதாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன். ஏஎஸ்2 உலகம் அப்படியல்ல. ஒவ்வொரு நிறுவனமும் தானே எழுதிய, இருபது ஆண்டு வயதான நிரல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மேலும், சோதனைத் தளம் என்பது தரவரையறை அன்று. தரவரையறையைப் படித்த இன்னொருவர் எழுதிய மென்பொருள். கையொப்பத்துக்கு நீங்கள் பயன்படுத்தும் நூலகத்தையே தளமும் பயன்படுத்தினால், அந்த நூலகத்தின் பிழை உங்கள் இருவர் கண்ணுக்கும் தெரியாது. என் 856க்கு நடந்தது அதுதானே?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏஎஸ்2 கையொப்பத்துக்குப் பயன்படும் எஸ்/மைம் முறையில், செய்தியின் தலைப்பில் ஹாஷ் முறையின் பெயரை எழுதுவதற்கு ஓர் இடம் உண்டு. ஆர்எஃப்சி 3851 அதை எஸ்எச்ஏ1 என்று எழுதச் சொன்னது. 2010இல் வந்த ஆர்எஃப்சி 5751 எஸ்எச்ஏ-1 என்று இடைக்கோடு போட்டது. ஏஎஸ்2 ஆவணமோ பழைய வடிவத்தையே வைத்திருக்கிறது. புதிய ஹாஷ் முறைக்கு மாறும் காலம் வந்தபோது சிலர் எஸ்எச்ஏ256 என்றும், சிலர் எஸ்எச்ஏ-256 என்றும் அனுப்பினார்கள். இருவரிடமும் ஆதாரம் இருந்தது. கணக்கு சரி, கையொப்பம் சரி, சான்றிதழும் சரி. ஒரு சிறு கோட்டுக்காக விலைப்பட்டியல் நின்றுபோனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதில் யார் பக்கம் சரி என்று எந்தத் தளம் தீர்ப்புச் சொல்லும்? இரண்டையும் ஏற்க வேண்டும் என்று எதிரெதிரே இருந்த பொறியாளர்கள் பேசித்தான் முடிவெடுக்க முடியும்.

போஸ்டலைக் குறிப்பிட்டீர்கள். 1987இல் அவர் வெளியிட்ட ஆர்எஃப்சி 1025, டிசிபி நிரல்களை ஒன்றோடொன்று மோதவிடும் சோதனைக்கான மதிப்பெண் அட்டவணையைத் தருகிறது. தன்னோடு தானே இணைப்பைத் திறந்தால் 1 மதிப்பெண், வேறொருவருடைய நிரலோடு திறந்தால் 2. தாராளக் கொள்கையை எழுதிய அதே கைதான் இந்த அட்டவணையையும் எழுதியது.

கரைவேலி எழுதியது:

எஞ்சின்களை எண்ண வேண்டும், நிறுவல்களை அல்ல என்ற திருத்தத்தை ஏற்கிறேன். என் கணக்கு அந்த அளவில் பிழையானது. தளமும் ஒரு வாசகரே என்பதையும் மறுக்க முடியவில்லை.

ஆனால் இடைக்கோட்டுக் கதை என் கவலையைக் கூட்டுகிறது. அந்தப் பொறியாளர்கள் பேசி எடுத்த முடிவு எங்கே எழுதப்பட்டது? எழுதப்பட்டிருந்தால், பிறகு வந்தவர்கள் ஏன் அதே கோட்டில் இடறினார்கள்? நல்லது நடந்த இடமும் உண்டு. ஒரே செய்தியில் பல இணைப்புக் கோப்புகளை அனுப்பும் முறையைச் சுற்றுகளில் பழகிய பின், 2011இல் ஆர்எஃப்சி 6362 ஆக வெளியிட்டார்கள். அது பொதுச் சொத்து. ஆனால் காலாவதியாகும் சான்றிதழைத் தானாக மாற்றிக்கொள்ளும் முறையைச் சுற்றுகளில் விருப்பத் தேர்வாகச் சோதித்தும், அது வரைவாகவே நின்றுவிட்டது. இன்றும் சான்றிதழ் காலாவதியாகும் வாரத்தில் மின்னஞ்சலில் கோப்பு அனுப்பி, தொலைபேசியில் நேரம் குறித்து, இரு முனையிலும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டிருக்கிறோம். அடைத்த கதவுக்குள் தீர்ந்த சிக்கல் எல்லாருக்கும் தீர்ந்ததாகாது.

ஒப்புகை எழுதியது:

கதவை அடைப்பதற்குக் காரணம் உண்டு. தோல்வி வெளியே போகாது என்ற உறுதி இருப்பதால்தான் ஒரு நிறுவனம் தன் அரைகுறைப் பதிப்பைப் போட்டியாளர்கள் முன் கொண்டுவந்து வைக்கிறது. அந்த உறுதியை நீக்கினால், ஏற்கெனவே எல்லாம் சரியாக ஓடுபவர்கள் மட்டும் வருவார்கள். சோதனையில் ஒன்றும் அகப்படாது. ஆனாலும் யார் இடறினார் என்பதை மறைத்து, எதில் இடறினார்கள் என்பதை மட்டும் வெளியிடலாமே? சுற்றை நடத்துபவர்களிடம் இதைக் கேட்க எனக்குத் தயக்கமில்லை. முன்பே கேட்டிருக்க வேண்டும்.

கரைவேலி எழுதியது:

அப்படி வெளியிட்டால் என் எதிர்ப்பில் பாதி நீங்கும். எதிராளிக்கென்று தனி நிபந்தனை எழுதித் தேறுவதைத் தடுக்க வழி சொல்லும்வரை மறுபாதி நிற்கும்.

தறிமுனை எழுதியது:

முதலாளியிடம் இந்த இழையை அப்படியே காட்டினேன். 856 மூன்று முறை போன நிகழ்ச்சியைப் படித்ததும், எங்கள் மென்பொருள் எம்ஐசி பொருந்தாதபோது என்ன செய்கிறது என்று கேட்டார். பார்த்தோம்: அதுவும் மறுபடி அனுப்புகிறது. இன்று காலை அதை மாற்றி, ஆளுக்கு எச்சரிக்கை தரும்படி செய்துவிட்டோம். சுற்றில் சேரவும் இசைந்தார். அதற்கு முன் தளத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவோம்.

கரைவேலி அவர்களுக்கு ஓர் உறுதி தருகிறேன். யாருக்காகவாவது தனி நிபந்தனை எழுத நேர்ந்தால், அதை நிரலில் தனிக் கோப்பாக வைத்து, எதிராளியின் பெயர் இல்லாமல், எந்தத் தலைப்பில் எது வந்தது என்ற விவரத்தோடு எங்கள் வெளியீட்டுக் குறிப்பில் அச்சிடுவோம். உடன்படிக்கை அதற்கு இடம் தருகிறதா என்று சேரும் முன்பே எழுதிக் கேட்கிறோம்.

கரைவேலி எழுதியது:

அப்படியானால் என்னிடமே தொடங்குங்கள். எனக்குச் சொந்தமாக எழுதிய ஒரு ஏஎஸ்2 சர்வர் இருக்கிறது; உங்கள் நூலகம் எதையும் அது பயன்படுத்தவில்லை. ஏஎஸ்2 பெயரில் ஓர் இடைவெளி வைத்து, அதை மேற்கோள் குறிக்குள் அடைத்து, பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்து அனுப்புங்கள். ஒரே கோப்பைச் சுருக்கிக் கையொப்பமிட்டும், கையொப்பமிட்டுச் சுருக்கியும், ஹாஷ் பெயரில் இடைக்கோட்டோடும் இல்லாமலும் நான்கு முறை அனுப்புங்கள். என் சர்வர் தரும் நான்கு ஒப்புகைகளையும் இதே இழையில் முழுமையாக ஒட்டுகிறேன். பிழை என் பக்கம் இருந்தால் அதையும் பெயரோடு எழுதுகிறேன்.